வீட்டு வைஃபை பாஸ்வேர்ட் எத்தனை எழுத்து இருக்க வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எட்டு எழுத்து போட்டாலே ரவுட்டர் ஏற்றுக்கொள்கிறது. அதற்கு மேல் எதற்கு?

எட்டு எழுத்துக்குக் குறைந்தால் ரவுட்டர் ஏற்காது, அவ்வளவுதான். எட்டு இருந்தால் பாதுகாப்பு என்று யாரும் உறுதி தரவில்லை. இன்று பெரும்பாலான வீடுகளில் ஓடுவது டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பாதுகாப்பு முறை. அதில் பாஸ்வேர்ட் 8 முதல் 63 எழுத்து வரை இருக்கலாம். இந்த முறைக்கு அடிப்படையான 802.11i என்ற தரநிலை ஆவணம் 2004இல் வந்தது. மனிதர்கள் வழக்கமாக யோசித்து வைக்கும் பாஸ்வேர்ட் சுமார் 20 எழுத்துக்குக் குறைவாக இருந்தால், அது தாக்குதலைத் தடுக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம் என அந்த ஆவணத்திலேயே எச்சரிக்கை இருக்கிறது. அந்த எச்சரிக்கை ரவுட்டரின் அமைப்புப் பக்கம் வரை வந்து சேரவில்லை. அங்கே நமக்குத் தெரிவது 'குறைந்தது 8 எழுத்து' என்ற ஒரு வரி மட்டும்.

யாராவது வாசலில் நின்றுகொண்டு லட்சக்கணக்கான பாஸ்வேர்டைப் போட்டுப் பார்க்க முடியுமா என்ன?

வாசலில் நின்று போட்டுப் பார்ப்பது நடக்காத காரியம்தான். ரவுட்டர் ஒவ்வொரு முறையும் பதில் சொல்ல நேரம் எடுக்கும், ஆயிரக்கணக்கில் முயன்றாலே நாள் கணக்கில் ஆகும். ஆனால் தாக்குதல் அப்படி நடப்பதில்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

உங்கள் போன் வைஃபையில் இணையும்போது, போனும் ரவுட்டரும் நான்கு சிறு செய்திகளைப் பரிமாறிக்கொள்கின்றன. பாஸ்வேர்ட் அதில் போவதில்லை. ஆனால் பாஸ்வேர்டிலிருந்து கணக்கிட்ட ஒரு சரிபார்ப்பு முத்திரை போகிறது. அது காற்றில் போவதால் பக்கத்து மாடியில் இருப்பவரின் லேப்டாப்பும் அதைப் பதிவு செய்துகொள்ள முடியும். யாராவது இணையும் வரை அவர் காத்திருக்கவும் தேவையில்லை. ரவுட்டர் அனுப்பியது போன்ற ஒரு போலிச் செய்தியை அனுப்பி உங்கள் போனைத் துண்டித்துவிட்டால், அது தானாகவே மறுபடி இணையும், பதிவு கிடைத்துவிடும். பாஸ்வேர்டை ஊகித்து உடைக்கும் ஹாஷ்கேட் மென்பொருளை உருவாக்கிய யென்ஸ் ஷ்டோய்பே, 2018 ஆகஸ்டில் இன்னொரு வழியைக் காட்டினார். சில ரவுட்டர்களிடம், வேறு எந்தப் போனும் இணையாதபோதே, ஒரே ஒரு செய்தியைக் கேட்டு வாங்கினால் போதும்.

அந்தப் பதிவு கைக்கு வந்த பிறகு அவர் உங்கள் தெருவிலேயே இருக்க வேண்டியதில்லை. பூட்டைக் கழற்றித் தன் வீட்டுக்கு எடுத்துப்போய், ஒவ்வொரு சாவியாக நிதானமாகப் போட்டுப் பார்ப்பது போன்றது இது. ஒவ்வொரு ஊகத்துக்கும் அதே கணக்கைச் செய்து, முத்திரை பொருந்துகிறதா என்று தன் கணினியிலேயே பார்ப்பார். உங்கள் ரவுட்டருக்கு இது எதுவும் தெரியாது. அதனால் எச்சரிக்கையும் வராது, 'மூன்று முறை தவறினால் பூட்டிவிடு' என்ற ஏற்பாடும் இங்கே உதவாது. அந்தக் கட்டத்தில் உங்களைக் காப்பது பாஸ்வேர்டை ஊகிக்க எவ்வளவு காலம் ஆகும் என்பது மட்டும்.

சரி, எவ்வளவு வேகமாக ஊகிக்க முடியும்?

டபிள்யூபிஏ2 இங்கே கொஞ்சம் நல்லது செய்திருக்கிறது. நீங்கள் தரும் பாஸ்வேர்டை நெட்வொர்க்கின் பெயரோடு சேர்த்து 4096 சுற்று அரைத்துத்தான் சாவியை உண்டாக்குகிறது. ஆகவே ஒவ்வொரு ஊகத்துக்கும் தாக்குபவரும் அந்த 4096 சுற்றைச் செய்தாக வேண்டும். 2004இல் இது பெரிய தடை. இன்று கேம் விளையாட வாங்கும் ஆர்டிஎக்ஸ் 4090 கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றே விநாடிக்குச் சுமார் 25 லட்சம் ஊகங்களைச் சோதிக்கிறது. கார்டு சொந்தமாக இல்லாதவர் மணி வாடகைக்கு எடுக்கலாம்.

அந்த ஒரு கார்டை வைத்து, கடைசிச் சாத்தியம் வரை தேடினால் ஆகும் நேரத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எட்டு இடமும் இலக்கங்கள் என்றால் 10 கோடி சாத்தியம், 40 விநாடி. பத்து இடமும் இலக்கங்கள் என்றால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். எட்டு சிறிய ஆங்கில எழுத்துகள், எந்தச் சொல்லும் இல்லாமல் தாறுமாறாக வைத்திருந்தாலும், ஒரு நாளைக்குள் முடிந்துவிடும். அதில் இலக்கங்களையும் கலந்தால் 13 நாள். பத்து சிறிய எழுத்து என்றால் ஏறக்குறைய ஒன்றே முக்கால் வருடம். பன்னிரண்டு என்றால் 1200 வருடத்துக்கு மேல். பதினாறு என்றால் சுமார் 55 கோடி வருடம்.

ஒவ்வொரு எழுத்தைக் கூட்டும்போதும் நேரம் 26 மடங்காகிறது. எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் இடையே நாலே எழுத்துதான் வித்தியாசம், ஆனால் ஒரு நாள் வேலை ஆயிரம் வருட வேலையாகிவிடுகிறது. ஆயிரம் கார்டுகள் வைத்திருப்பவருக்கு அந்தப் பன்னிரண்டு எழுத்து ஒன்றேகால் வருட வேலைதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டு வைஃபைக்காக அவ்வளவு செலவு செய்ய ஆள் இருக்காது. இருந்தாலும் பதினாறுக்குப் போனால் அந்தக் கவலையும் போய்விடும்.

எங்கள் வீட்டில் மொபைல் எண்ணைத்தான் வைத்திருக்கிறோம். பத்து இலக்கம் இருக்கிறதே, நீளம்தானே?

தயவுசெய்து இன்றே மாற்றுங்கள். இணைப்புக் கொடுக்க வருபவர் "என்ன பாஸ்வேர்ட் சார் போடட்டும்?" என்று கேட்கிறார். அந்த அவசரத்தில் நாம் சொல்வது நம் எண்ணைத்தான், அல்லது அவரே போட்டுவிட்டுப் போகிறார். நம் ஊரில் இது எவ்வளவு பரவலான பழக்கம் என்பது அடுத்தவர் வீட்டில் வைஃபை கேட்டு வாங்கிய எல்லோருக்கும் தெரியும். தாக்குபவருக்கும் தெரியும்.

இந்தியாவில் மொபைல் எண்கள் 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றில்தான் தொடங்கும். ஆகவே மொத்தச் சாத்தியம் 400 கோடி. மேலே சொன்ன கார்டுக்கு அது 27 நிமிட வேலை. உங்கள் எண் தெரிந்தவருக்கு அந்த 27 நிமிடமும் தேவையில்லை.

இது வெறும் கணக்கு அல்ல. 2021இல் இஸ்ரேலின் டெல் அவிவ் நகரில், சைபர்ஆர்க் நிறுவனத்தின் ஆய்வாளர் இடோ ஹூர்விச் தெருத்தெருவாகப் போய் 5000 வைஃபை நெட்வொர்க்குகளின் பதிவுகளைத் திரட்டினார். அவற்றில் 70 சதவீதத்துக்கும் மேல் உடைந்தன. அவர் முதலில் முயன்றது மொபைல் எண்களைத்தான், ஏனென்றால் தம் ஊர்க்காரர்கள் அதைத்தான் வைப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். அங்கே மொபைல் எண் 05இல் தொடங்கி மேலும் எட்டு இலக்கங்கள் கொண்டது. ஆகவே பத்து இலக்கமாகத் தெரிந்தாலும் தேட வேண்டியது 10 கோடி மட்டுமே. டெல் அவிவுக்கும் திருச்சிக்கும் இந்தப் பழக்கத்தில் வேறுபாடு இல்லை.

மகள் பெயர், பிறகு அட் குறி, பிறகு 123. முதல் எழுத்து பெரியது, குறியும் எண்ணும் இருக்கின்றன. இது வலுவானது என்று பச்சை நிறத்தில் காட்டியதே?

பச்சை நிறம் எழுத்து வகைகளை எண்ணிப் பார்த்துச் சொல்கிறது. அந்தப் பெயரும் அந்த வாலும் எத்தனை வீடுகளில் இருக்கின்றன என்று அதற்குத் தெரியாது. உடைப்பவர் முதலில் எல்லாச் சாத்தியங்களையும் தேடுவதில்லை. பெயர்ப் பட்டியல், ஊர்ப் பட்டியல், தெய்வப் பெயர்கள், நடிகர் பெயர்கள், ஏற்கெனவே வெளியே கசிந்த கோடிக்கணக்கான பாஸ்வேர்டுகள் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் பின்னாலும் 123, 1234, 2024, பிறந்த வருடம் என்று ஒட்டிப் பார்ப்பார். முதல் எழுத்தைப் பெரிதாக்குவது, ஏ எழுத்துக்குப் பதில் அட் குறி, ஓ எழுத்துக்குப் பதில் பூஜ்யம் போடுவது எல்லாம் அந்த மென்பொருளில் ஆயத்தமாக இருக்கும் விதிகள். நூறு வருடத்துப் பிறந்த தேதிகளை மொத்தமாக எடுத்தாலும் சுமார் 36,500தான், கார்டு அவற்றை முடிக்க ஒரு விநாடிகூட ஆகாது.

ஆகவே நீளத்துக்குப் பலன் உண்டு, ஆனால் எழுத்துகள் ஒன்றையொன்று காட்டிக்கொடுக்காதபோதுதான். பதினான்கு எழுத்துப் பெயரும் நான்கு இலக்க வருடமும் சேர்ந்தால் எண்ணிக்கை பதினெட்டு வரும். தேடுபவருக்கு அது ஒரு பெயர், ஒரு வருடம், ஆக இரண்டே துண்டுகள்.

நீளம் முக்கியமா, சிறப்புக் குறிகள் முக்கியமா?

வைஃபையைப் பொறுத்தவரை நான் நீளத்தின் பக்கம். விசைப்பலகையில் உள்ள 95 குறிகளையும் கலந்து, தாறுமாறாக எட்டு எழுத்து வைத்தால் ஒரு கார்டுக்குச் சுமார் 84 வருடம் ஆகும். வெறும் சிறிய எழுத்துகளில் பன்னிரண்டு வைத்தால் 1200 வருடம். இரண்டாவது பாதுகாப்பானது, டிவி ரிமோட்டை வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டவும் எளிது. குறிகளைச் சேர்க்கக் கூடாது என்றில்லை. அவற்றைச் சேர்த்துவிட்டதால் எட்டிலேயே நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைப்பதுதான் தவறு.

அப்படியானால் எப்படித்தான் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது?

பாஸ்வேர்ட் மேலாளர் செயலி வைத்திருப்பவர்கள் அதனிடமே 16 அல்லது 20 எழுத்துக்கு ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், வேலை முடிந்தது.

நினைவிலும் நிற்க வேண்டும், வாயாலும் சொல்ல வேண்டும் என்றால் சொற்களைக் கோத்து வைப்பது நல்ல வழி. ஆர்னால்ட் ரைன்ஹோல்ட் 1995இல் வெளியிட்ட டைஸ்வேர் முறை அப்படிப்பட்டது. 7776 சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்று உண்டு. ஆறு பக்கப் பகடையை ஐந்து முறை உருட்டினால் வரும் ஐந்து எண்கள் ஒரு சொல்லைக் காட்டும். இப்படி ஐந்து சொற்கள் எடுத்தால், பட்டியலும் முறையும் தாக்குபவருக்கு முழுக்கத் தெரிந்திருந்தாலும், அந்த ஒரு கார்டுக்கு மூன்றரை லட்சம் வருடம் ஆகும். நான்கு சொற்கள் என்றால் 46 வருடம்தான். ஆகவே ஐந்து வையுங்கள்.

தமிழ்ச் சொற்களாக வேண்டும் என்றால் வீட்டில் இருக்கும் தமிழ் அகராதி போதும். 400 பக்கம், பக்கத்துக்கு 20 சொல் என்று வைத்துக்கொண்டால் 8000 சொற்கள், டைஸ்வேர் பட்டியலுக்குச் சமம். பக்க எண்ணைப் போனிடம் கேட்டு வாங்குங்கள், ஏதாவது ஓர் எண்ணைக் கொடு என்றால் கொடுக்கும் செயலிகள் உண்டு. அந்தப் பக்கத்தில் எத்தனையாவது சொல் என்பதையும் அப்படியே வாங்குங்கள். முருங்கை, தபால், வெண்கலம், சறுக்கு, நண்டு என்பது போல ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் வரும். வந்ததை அப்படியே எடுத்து ஆங்கில எழுத்தில் எழுதுங்கள். 'இது நன்றாக இல்லை, வேறு எடுப்போம்' என்று நாம் தலையிடும்போதுதான் பலம் குறைகிறது, ஏனென்றால் எல்லோருக்கும் பிடிப்பது ஏறக்குறைய அதே சொற்கள்தான். இங்கே எழுதிக் காட்டிய ஐந்தையும் எடுத்துவிட வேண்டாம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சினிமாப் பாட்டு வரி வைக்கலாமா? செய்யுள் அடி?

வேண்டாம். முப்பது எழுத்து இருந்தாலும் அச்சிலும் இணையத்திலும் இருக்கும் வரி அது. பட்டியலில் ஏற்ற ஒரு நிமிடம் போதும்.

தமிழ் எழுத்திலேயே பாஸ்வேர்ட் வைக்க முடியுமா?

டபிள்யூபிஏ2 தரநிலை ஆங்கில விசைப்பலகையில் உள்ள எழுத்து, எண், குறிகளையே பாஸ்வேர்டில் ஏற்கிறது. சில ரவுட்டர்கள் தமிழை ஏற்பது போலத் தோன்றினாலும் டிவியோ பிரிண்டரோ இணைய மறுக்கும். தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதுவதே நடைமுறைக்கு ஒத்துவரும். ழகரத்தையும் நெடிலையும் எப்படி எழுதுவது என்பதை வீட்டில் ஒரே மாதிரி முடிவு செய்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் இணையாதபோது யார் எழுதியது சரி என்ற வாக்குவாதத்தில் போய் நிற்கும்.

ரவுட்டருக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் பாஸ்வேர்டையே வைத்துக்கொள்ளலாமா?

அது எப்படி உருவானது என்பதைப் பொறுத்தது, அதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது என்பதால் மாற்றிவிடுவது நல்லது. 2008இல் ஐரோப்பாவில் பரவலாக இருந்த தாம்சன் ஸ்பீட்டச் ரவுட்டர்களில் ஸ்டிக்கர் பாஸ்வேர்டும் நெட்வொர்க் பெயரும் ஒரே வரிசை எண்ணிலிருந்து பிறந்தவை என்று கண்டுபிடித்தார்கள். பெயரைப் பார்த்தாலே பாஸ்வேர்டைக் கணக்கிட்டுவிடலாம் என்றாயிற்று. அப்படி இல்லாவிட்டாலும், இலக்கங்களும் ஏ முதல் எஃப் வரையிலான எழுத்துகளும் மட்டுமே கொண்ட எட்டு இடப் பாஸ்வேர்டை உடைக்க அரை மணி நேரம், பத்து இடம் என்றால் ஐந்து நாள்.

நெட்வொர்க் பெயருக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. சாவியை உண்டாக்கும்போது பெயரும் சேர்ந்து அரைபடுகிறது என்று மேலே சொன்னேன். உலகமெங்கும் ஆயிரக்கணக்கான வீடுகளில் ஒரே பெயர் இருந்தால், அந்தப் பெயருக்கு மட்டும் முன்கூட்டியே கணக்கிட்டு வைத்த அட்டவணை எல்லா வீடுகளுக்கும் பயன்படும். அதிகம் புழங்கும் 1000 பெயர்களுக்கு அப்படிப்பட்ட அட்டவணைகள் இணையத்தில் உலவின. எனவே பெயரைத் தனித்துவமாக மாற்றுங்கள். அதில் உங்கள் பெயரும் வீட்டு எண்ணும் வேண்டாம். பெயரை மறைத்து வைப்பதாலோ, குறிப்பிட்ட கருவிகளை மட்டும் அனுமதிக்கும் பட்டியல் போடுவதாலோ பெரிய பயன் இல்லை. இரண்டு தகவலும் காற்றில் வெளிப்படையாகவே போகின்றன.

டபிள்யூபிஏ3 வந்துவிட்டதே, இனி குட்டிப் பாஸ்வேர்ட் போதுமா?

2018இல் வந்த டபிள்யூபிஏ3 இந்தச் சிக்கலின் வேரிலேயே கை வைக்கிறது. அதில் பரிமாறப்படும் செய்திகளைப் பதிவு செய்து எடுத்துப்போனாலும் வீட்டில் வைத்து ஊகித்துப் பார்க்க முடியாது. ஒவ்வோர் ஊகத்துக்கும் ரவுட்டரோடு பேசியாக வேண்டும். 2019இல் ஆய்வாளர்கள் மேத்தி வான்ஹூஃப், எயால் ரோனென் இருவரும் அதில் சில ஓட்டைகளைக் காட்டினார்கள், பிறகு திருத்தங்கள் வந்தன. அதனால் ரவுட்டர் மென்பொருளைப் புதுப்பித்து வைத்திருப்பது அவசியம்.

ஆனால் வீட்டில் ஒரு பழைய போனோ டிவியோ இருந்தால் நீங்கள் தேர்ந்தெடுப்பது டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த முறையாகத்தான் இருக்கும். பாஸ்வேர்ட் இரண்டுக்கும் ஒன்றே. பழைய கருவி இணையும்போது பதிவை எடுத்து, பழைய வழியிலேயே உடைத்துவிடலாம். கலந்த முறை இருக்கும் வரை நீளத்தைக் குறைக்காதீர்கள்.

நீளமான பாஸ்வேர்ட் வைத்தும் உடைய வாய்ப்பு உண்டா?

இரண்டு இடங்களில் நீளம் எதற்கும் உதவாது. ஒன்று, பழைய டபிள்யூஇபி முறை. 2001லேயே அதன் அடிப்படைக் குறை வெளிவந்தது. 2007இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் ஒரு நிமிடத்துக்குள் அதன் சாவியை எடுத்துக் காட்டினார்கள். பழைய ரவுட்டரில் இன்னும் அது ஓடினால் ரவுட்டரையே மாற்றுங்கள்.

இன்னொன்று, பொத்தானை அழுத்தினால் இணையும் டபிள்யூபிஎஸ் வசதி. அதோடு வரும் எட்டு இலக்கப் பின் எண்தான் ஆபத்து. ரவுட்டர் அதை இரண்டு பாதியாகச் சரிபார்க்கிறது, கடைசி இலக்கமோ மற்றவற்றிலிருந்து கணக்கிடப்படுவது. அதனால் அதிகபட்சம் 11,000 முயற்சியில் கிடைத்துவிடும் என்று 2011 டிசம்பரில் ஆய்வாளர் ஸ்டெஃபான் ஃபீபெக் காட்டினார். அந்தப் பின் எண் கிடைத்தால் ரவுட்டரே உங்கள் 63 எழுத்துப் பாஸ்வேர்டை எடுத்துக் கொடுத்துவிடும். இதைத் தடுக்கும் ஏற்பாடுகள் பல ரவுட்டர்களில் பிறகு வந்தன. என்றாலும் அமைப்புப் பக்கத்தில் டபிள்யூபிஎஸ்ஸை அணைத்துவிடுவதே மேல்.

எங்கள் வீட்டு வைஃபையை உடைத்து யாருக்கு என்ன கிடைக்கும்?

பலருக்கு வேண்டியது இலவச இணையம் மட்டும். ஆனால் உங்கள் இணைப்பில் நடப்பது எல்லாம் உங்கள் பெயரில் நடக்கிறது. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்பு நடப்பதற்குச் சற்று முன்னால் ஊடகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் போனது. அதன் ஐபி முகவரியைத் தொடர்ந்து போன காவல்துறை, நவி மும்பையில் ஓர் அமெரிக்கர் குடியிருந்த வீட்டில் போய் நின்றது. அவருடைய பாதுகாப்பில்லாத வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். அதை நிரூபிக்கும் வரை அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல.

அது தவிர, உள்ளே வந்தவர் வீட்டுக் கேமரா, பிரிண்டர், கோப்புகள் வைத்திருக்கும் கணினி எல்லாவற்றோடும் நேரடியாகப் பேச முடியும். வங்கிச் செயலியும் வாட்ஸ்அப்பும் தனியாகக் குறியாக்கம் செய்துதான் பேசுகின்றன, அதில் உடனடி ஆபத்து இல்லை. விலை குறைந்த கேமராக்களுக்கு அந்த உத்தரவாதம் இல்லை.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டுமா?

தேவையில்லை. அடிக்கடி மாற்றச் சொன்னால் மனிதர்கள் கடைசி எண்ணை மட்டும் கூட்டிக்கொண்டே போவார்கள். நல்லதாக ஒன்றை வைத்து அப்படியே விடுங்கள். வாடகைக்கு இருந்தவர் காலி செய்தால், வேலைக்கு வந்தவரிடம் சொல்லியிருந்தால், வீட்டுக்குள் உறவு முறிந்திருந்தால் மாற்றுங்கள். டபிள்யூபிஏ2இல் பாஸ்வேர்ட் தெரிந்த ஒருவர் மற்றவர்கள் இணையும்போது எடுத்த பதிவை வைத்து அவர்களுடைய போக்குவரத்தையும் பிரித்துப் பார்க்க முடியும்.

விருந்தாளி வந்தால் ஐந்து சொல் பாஸ்வேர்டை எப்படிச் சொல்வது?

சொல்லவே வேண்டாம். ஆண்ட்ராய்டு 10 முதல், வைஃபை அமைப்பில் பகிர் என்பதைத் தொட்டால் கியூஆர் கோடு வரும், அவர்கள் ஸ்கேன் செய்தால் போதும். ரவுட்டரில் விருந்தினர் நெட்வொர்க் வசதி இருந்தால் இன்னும் நல்லது. அதற்குத் தனிப் பாஸ்வேர்ட் வைத்து, அதன் கியூஆர் கோடை அச்சிட்டு ஹாலில் ஒட்டிவிடலாம். பையன்களின் நண்பர்கள், பழுது பார்க்க வருபவர்கள், மலிவு விலை ஸ்மார்ட் பல்புகள் எல்லாம் அதிலேயே இருக்கட்டும்.

மாற்றினால் என்னென்ன நின்றுபோகும்?

எல்லாமே. போன்கள் ஒரு நிமிட வேலை, டிவி ஐந்து நிமிடம். கேமராவும் ஸ்மார்ட் பிளக்கும்தான் நேரம் எடுக்கும். சிலவற்றை ரீசெட் செய்து முதலிலிருந்து சேர்க்க வேண்டிவரும். வீட்டில் எல்லோரும் இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வைத்துக்கொள்ளுங்கள். போகிற போக்கில், ரவுட்டர் அமைப்புப் பக்கத்துக்குள் நுழையும் பாஸ்வேர்ட் இன்னும் அட்மின் என்றே இருக்கிறதா என்றும் பாருங்கள். அது வேறு, வைஃபை பாஸ்வேர்ட் வேறு.

பழைய பிரிண்டர் ஒன்று மட்டும் இணைய மறுத்தால் முதலில் இடைவெளியையும் குறிகளையும் எடுத்துவிட்டு, சிறிய எழுத்துகளில் மட்டும் அதே நீளத்தில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அந்தக் குறிகள்தான் காரணமாக இருக்கும். அப்போதும் இணையாவிட்டால் அந்தப் பிரிண்டரை யூஎஸ்பி கேபிளில் போட்டுக்கொள்ளுங்கள், அதற்காகப் பாஸ்வேர்டைக் குறைக்க வேண்டாம்.